கொலுவில் ஒரு மீன்கடை

இல்லவே இல்லை. பத்மஜா மீன் தின்னவும் இல்லை, அவளை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவும் இல்லை. லேக் மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையைப் பரப்புகிறவர்கள், பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். காலையில் மீன் சந்தையில் உட்கார்ந்திருந்தாளா என்றால், உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவில் வாடை அடித்ததா என்றால், அடித்தது. டாக்குரியாவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாடைதான் உள்ளே வருகிறது. அதை மூச்சில் இழுத்தவர்கள் எல்லாரும் மீன் தின்றவர்கள் என்று வைத்துக்கொண்டால், கல்கத்தாவில் ஆசாரமான தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட மிஞ்சாது. நாகலட்சுமி வீடும் சேர்த்துத்தான்.

நடந்தது என்ன என்று முழுசாகக் கேட்கப் பொறுமை இருக்கிறவர்கள் மட்டும் கேட்கலாம்.

பத்மஜாவுக்கு வயது முப்பத்திரண்டு. அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய்விட்டார். இவள் போகவில்லை. பவானிபூரில் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிற ஓர் ஆபீஸில் அவளுக்கு வேலை. தங்கியது டாக்குரியாவில், அம்மாவின் அக்கா விசாலத்தோடு. விசாலத்துக்குப் புருஷன் இல்லை, குழந்தைகள் இல்லை. முப்பத்தோரு வருஷமாக அந்த வாடகை வீடுதான் இருக்கிறது.

அது ஒரு பழைய தமிழ் அறக்கட்டளைக்குச் சொந்தமான கட்டடம். மூன்று தளம், ஆறு குடித்தனம், ஆறும் தமிழர்கள். மீன், மாமிசம், முட்டை எதுவும் புழங்கக் கூடாது என்பது விதி. புழங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விதியைக் காப்பாற்றுகிறவர் கட்டடத்தின் செயலாளர் சேஷாத்ரி. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், விசாலத்துக்கு நேர் மேல் வீடு. முட்டை போட்ட கேக் வந்துவிடும் என்று குழந்தைகளின் பிறந்த நாளைக்கூட மொட்டை மாடியில் நடத்த விடாதவர்.

பத்மஜாவிடம் ஒரு நோட்டு உண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு அட்டை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஜுரம் வந்தாலும் ஒரு பக்கம். ஜுரத்தன்று மாத்திரை அட்டையை வரைந்தாள். மனசிலிருந்து எதையும் வரைய மாட்டாள். கண்ணெதிரே இருப்பதைத்தான் வரைவாள். அதிலும் தின்கிறவர்களின் முகம் என்றால் அவளுக்கு உயிர்.

"சாப்பிடறச்சே யாராலயும் நடிக்க முடியாது பெரியம்மா" என்பாள்.

இதனால்தான் முதல் தகராறு வந்தது. முதல் தளத்து நாகலட்சுமி, தனக்குச் சர்க்கரை, இனிப்பைத் தொட்டே ஒரு வருஷம் ஆயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சீமந்தத்தில் அவள் மூன்றாவது ஜாங்கிரியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரத்தை பத்மஜா வரைந்துவிட்டாள். வரைந்ததோடு நிற்காமல், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவளிடமே காட்டினாள். நாகலட்சுமி நோட்டை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கு, மூக்கு மட்டும் என்னோடது இல்ல" என்றாள். ஜாங்கிரியைப் பற்றி இருவருமே பேசவில்லை. அன்றிலிருந்து பத்மஜா நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை. நாகலட்சுமியும் அன்றிலிருந்து அவளைப் பார்த்து முழுசாகச் சிரிப்பதில்லை.

மீன் சந்தைக்கு அவளை அனுப்பியது ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகம். மீனின் உறுப்புகளைப் படம் போட்டு அம்புக்குறி இட வேண்டும். பழைய பதிப்பைப் பார்த்து வரைந்தால் போதும் என்று ஆபீஸில் சொன்னார்கள். பழைய பதிப்பில் இருந்த மீனுக்குக் கண் இமை இருந்தது. பத்மஜா மறுநாள் காலை நேராக ஸ்டேஷன் பக்கத்துச் சந்தைக்குப் போனாள். அங்கே நிமாய் என்ற மீன்காரர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொல்லி, மண்குவளையில் டீயும் வாங்கிக் கொடுத்தார். படம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அவள் போவது மட்டும் நிற்கவில்லை. ஆபீஸுக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு மணி நேரம் அந்த டின் அவளுடையது. அவளுக்கு அவர் நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன்; அவருக்கு அவள் தீதி, அதாவது அக்கா.

மூன்றாம் நாளே வேடிக்கை ஆரம்பித்தது. அவள் ஒரு கட்லா மீனைப் பாதி வரைந்திருக்கையில், ஒரு வங்காளிப் பெரியவர் குடைக்காம்பை நீட்டி, "அந்தப் பொண்ணு வரையுதே, அதையே எடு" என்றார். வரைகிறவள் நல்ல மீனாகப் பார்த்துத்தானே வரைவாள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், கண் தெளிவாக, செதில் மினுங்குகிற மீன்தான் பென்சிலுக்கு நன்றாகப் பிடிகொடுக்கும். மறுநாள் அவர் தம் தம்பியை அழைத்து வந்தார். ஒரு மாதத்தில் சந்தை முழுக்க, தீதி வரைகிற மீன் என்று பேராகிவிட்டது. வீட்டில் விருந்து என்றால் நேராக அவளிடமே வந்து எந்த மீன் என்று கேட்டார்கள். ஒரு துண்டு மீன் நாக்கில் பட்டறியாத பெண், செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, இது நேற்றையது, அது இன்றையது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிமாய்க்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

பத்மஜாவுக்குத்தான் உறுத்தியது. அவள் எந்த மீனைப் பார்த்து ஆசைப்பட்டுப் பென்சிலை எடுக்கிறாளோ, அந்த மீன்தான் முதலில் அரிவாள்மணைக்குப் போகிறது. சரி, இதற்கும் ஒரு வழி செய்கிறேன் என்று ஒரு வாரம் முழுக்கக் கண் மங்கிய, வயிறு தொங்கிய மீன்களையே தேடித் தேடி வரைந்தாள். அவையும் விற்றன. தீதி வரைகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பி வாங்கிப் போனார்கள். இரண்டு பேர் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிமாயைச் சத்தம் போட்டார்கள்.

நிமாய் கையைக் கூப்பிவிட்டார். "தீதி, நீ திங்காட்டிப் போ. திங்கறவன் வயித்துல ஏன் விளையாடற?"

அதற்குப் பிறகு இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மீன் விலை போகும் வரை பத்மஜா பென்சிலை எடுக்கக் கூடாது. விலை போன பிறகு, வெட்டுவதற்கு முன்னால், நிமாய் அந்த மீனை ஈர வாழையிலையில் ஐந்து நிமிஷம் அவளுக்காகப் படுக்க வைக்க வேண்டும். வாங்கினவர்கள் நின்று காத்திருந்தார்கள். தாங்கள் தின்னப் போகிற மீன் படமாவதை எட்டிப் பார்த்துக்கொண்டு, வால் சரியாக வரவில்லை, முதுகு இன்னும் கொஞ்சம் வளையட்டும் என்று யோசனைகூடச் சொன்னார்கள்.

ஆவணிக் கடைசியில், விசாலம் வீட்டுப் பெண் மீன் தின்கிறாளாம் என்ற பேச்சு கட்டடத்தில் கிளம்பியது. விசாலத்தின் காதில் அதைப் போட்டவள் நாகலட்சுமி. விசாலம் மறுநாள் காலை பூக்கூடையை எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவளைப் போலக் கிளம்பி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தைக்குள் போனாள். வாழைப்பூ விற்கிறவளின் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, பத்மஜாவுக்குக் காப்பி கலந்து வைத்தாள்.

"இன்னிக்கு எது நன்னா இருந்தது?" என்றாள்.

"எது பெரியம்மா?"

"மீன்டி. கொத்தவரங்காயையா கேக்கறேன்?"

பத்மஜா டம்ளரைக் கீழே வைத்தாள். "கட்லா. நீங்க வந்திருந்தேளா?"

"வந்தேன். நாத்தம் குடலப் பிடுங்கித்து. நீ அதத் திங்கறியா?"

"இல்ல."

"ஏன்?"

"ஒருத்தர் மூஞ்சிய உத்து உத்துப் பாத்து வரைஞ்சப்பறம், அவரக் குழம்புல போட மனசு வரல்லே."

"கத்தரிக்காயையும்தான் உத்துப் பாத்து வரைஞ்சே. நேத்திக்கு ரெண்டு பேருமா முழுங்கினோமே."

"கத்தரிக்கா என்னத் திரும்பிப் பாக்கல்லே பெரியம்மா."

"அப்போ திங்கறவாள்ளாம் பாவிகளா?"

"அவா மூஞ்சியையும் உத்துப் பாத்திருக்கேனே. இன்னிக்கு அந்தக் கட்லாவ வாங்கினாரே, அவர் பொண்ணு ஆறு மாசத்துக்கப்பறம் வீட்டுக்கு வராளாம். அந்தப் பைய அவர் எப்படித் தூக்கிண்டு போனார் தெரியுமா? கொழந்தையத் தூக்கறாப்பல. அவரப் போய்ப் பாவின்னு நான் எப்படிச் சொல்றது?"

இதில் விசாலத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பெண் தின்னவில்லை என்பது முழுசாகப் புரிந்துவிட்டது. அன்று முதல் யாராவது ஏதாவது கேட்டால், "அவ காகிதத்துல திங்கறா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நவராத்திரி வந்தது. தெருவில் துர்கா பூஜைப் பந்தல், வீட்டில் கொலு. விசாலம் ஐந்து படி வைப்பாள். கடைசிப் படியில் எல்லாரும் வைப்பதுபோல ஒரு சந்தை. செட்டியார் கடை, காய்கறிக்காரி, பூக்காரி. அந்த வருஷம் பெட்டியைத் திறந்தால் செட்டியாருக்குத் தலை இல்லை, காய்கறிக்காரிக்குக் கை இல்லை.

"சந்தைய நீ பண்ணிடு. பாத்தா நிஜமா இருக்கணும்" என்று விசாலம் பத்மஜாவிடம் சொல்லிவிட்டுச் சுண்டலுக்கு ஊற வைக்கப் போனாள். தப்பு அங்கேதான்.

அட்டையை வெட்டி, வண்ணம் பூசி, பின்னால் குச்சி ஒட்டி, பத்மஜா நிஜமான சந்தையைச் செய்தாள். கீரைக்காரி இருந்தாள், வாழைப்பூக்காரி இருந்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் பூக்கூடையோடு மூக்கைப் பொத்திய ஒரு மாமியும் இருந்தாள். நடுவே நிமாய், அரிவாள்மணையோடு. அவர் எதிரே வாழையிலையில் ஒரு ரோகு, பாதி வெட்டி, செவுள் சிவக்கச் சிவக்க. விசாலம் பார்த்தாள். நிமாயின் தொப்பையைப் பார்த்துச் சிரித்தாள். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள், மாமிகள் எல்லாரும் மேல்படி அம்மனுக்கு என்ன பட்டு என்றுதான் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

நாகலட்சுமி குனிந்தாள். அவள் கையிலிருந்த சுண்டல் கரண்டி நழுவி, உருண்டு, நேராக மீன்கடையில் போய் நின்றது.

"விசாலம் மாமி, கொலுவில மீன் வெச்சிருக்கேள்."

"மேல்படியிலயும்தான் வெச்சிருக்கேன். தசாவதாரத்துல முதல்ல நிக்கறது என்னவாம்?"

"அத யாரும் நடுவுல வெட்டல்லே."

நாகலட்சுமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனாள். சுமங்கலி ஒருத்தி நவராத்திரியில் தாம்பூலத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அடி என்று தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மறுநாள் கட்டடத்தில் ஒருத்தியும் வரவில்லை. இரண்டு படி கடலைச் சுண்டலை விசாலம் பந்தலில் பறை அடிக்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்பினாள்.

சப்தமியன்று சேஷாத்ரி கட்டடத்து நோட்டோடு வந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"ஆறு குடித்தனத்துல அஞ்சு பேர் கேக்கறா. நான் செயலாளர், என்ன பண்றது. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. நான் மீன், மாமிசம் உண்பதில்லை. அவ்வளவுதான். எழுதல்லேன்னா, விதிப்படி இந்த வீட்டக் காலி பண்ணச் சொல்லித்தான் அறக்கட்டளைக்கு எழுதணும். தசமி கழிஞ்சு வந்து வாங்கிக்கறேன்."

"எழுத மாட்டேன் மாமா" என்றாள் பத்மஜா.

அவர் போனதும் விசாலம் பிடித்துக்கொண்டாள். "நிஜந்தானேடி? நிஜத்த எழுதறதுக்கு உனக்கு என்ன கேடு?"

"நிஜந்தான். அத எழுதிக் குடுத்தா, திங்காத நான் ஒசத்தி, வெட்டற நிமாய்தா மட்டம்னு நானே கையெழுத்துப் போட்டாப்பல ஆயிடும். நாளைக்குக் கார்த்தால அவர் குடுக்கற டீயை எந்த மூஞ்சிய வெச்சுண்டு குடிப்பேன்?"

"டீயை நான் போட்டுத் தரேன், எழுது."

"மாட்டேன்."

இந்த வயசில் இந்த வீட்டை விட்டால் விசாலத்துக்குப் போக வேறு இடம் கிடையாது. கும்பகோணத்தில் தங்கை வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். மூலையில் உட்காருகிற பெண்பிள்ளை அவள் இல்லை. பத்மஜா குளிக்கப் போன நேரத்தில் விசாலம் அவளுடைய கறுப்பு நோட்டை எடுத்துப் புரட்டினாள். தின்னவில்லை என்று காட்ட ஏதாவது கிடைக்காதா என்று பார்த்தாள். கட்லா, ரோகு, நிமாயின் கை, வால், இன்னொரு வால். ஒரு பக்கத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

சேஷாத்ரி. பவானிபூரில் கேபின் என்று பலகை மாட்டிய பழைய சிற்றுண்டிக் கடைகள் உண்டே, அப்படி ஒன்றின் சலவைக்கல் மேஜை. முன்னால் தட்டு. முள்கரண்டியில் பொன்னிறமாகப் பொரித்த மீன், வாயோரத்தில் கடுகு விழுது. சொக்கிப்போய்க் கண்ணை மூடியிருந்தார்.

பிற்பாடு சேஷாத்ரியே விசாலத்திடம் வாய்விட்டு ஒத்துக்கொண்டதால்தான் இதை இப்போது சொல்ல முடிகிறது. இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை.

பத்மஜா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நோட்டு விரித்தபடி மேஜையில் இருந்தது.

"இது எப்போ?"

"ஆவணில. மழைக்கு அந்தக் கடைல ஒதுங்கினேன். நான் வரைஞ்சு முடிக்கறச்சே கண்ணத் தொறந்து என்னப் பாத்துட்டார். கொடைய விட்டுட்டு மழையில நனைஞ்சுண்டே ஓடினார், பாவம்."

பேச்சு ஏன் ஆவணியில் கிளம்பியது, யார் கிளப்பியது என்று விசாலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் முந்திக்கொள்வதற்குள் அவர் முந்திக்கொண்டிருக்கிறார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. வரட்டும். அவர் அந்த நோட்டத் தொறந்தா, நீ இந்த நோட்டத் தொற."

"மாட்டேன்."

"இதுக்கும் மாட்டியா?"

"அந்த மூஞ்சியப் பாருங்கோ பெரியம்மா. இவ்வளவு சந்தோஷமா அவர என்னிக்காவது பாத்திருக்கேளா?"

விசாலம் பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை. "முப்பத்தோரு வருஷமாப் பாக்கறேன். பொண்ணு கல்யாணத்துலகூட இப்படி இல்ல."

"அதனாலதான் வரைஞ்சேன். காட்டிக் குடுக்கறதுக்கு வரையல்லே."

"நீ காட்டல்லேன்னா நான் காட்டறேன்."

"நோட்டு என்னோடது."

"வீடு என்னோடதுடி."

"ஆமாம். அதான் நான் போறேன். நான் இங்க இல்லேன்னா யாரும் எதையும் எழுத வேண்டாம். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிமாய்தாவோட அக்கா வீட்டு மாடில ஒரு ரூம் இருக்கு. கேட்டு வெச்சுட்டேன்."

அஷ்டமி, நவமி இரண்டு நாளும் விசாலம் அவளோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தசமியன்று காலையில் வாயைத் திறந்தாள்.

"போறதுன்னா இன்னிக்கே போ. விஜயதசமி. எது தொடங்கினாலும் நல்லது. நாளைக்கு நாள் நன்னா இல்ல."

புளியோதரை ஒரு சம்படம், காப்பிப்பொடி ஒரு டப்பா, வடிகட்டி, இரண்டு தலையணை உறை. பையை அவளே கட்டினாள். பத்மஜா ஒரு பையோடு படியிறங்கியபோது மேலேயிருந்து சேஷாத்ரி மளமளவென்று வந்து, யாரும் கேட்காமலே விசாலத்தின் கையிலிருந்த இன்னொரு பையை வாங்கிக்கொண்டார். வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்த நோட்டு இருக்கோ?"

"பைல இருக்கு மாமா."

"அதுல நான்..."

"ரொம்ப நன்னா வந்திருக்கேள் மாமா."

சேஷாத்ரி பையை மறு கைக்கு மாற்றினார். "யாருக்கும்..."

"நான் யாருக்கும் காட்டறதில்ல. பெரியம்மா தானா எடுத்துப் பாத்துட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். படிவளைவில் விசாலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணால்கூட அவள் எதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை; அவர் கொஞ்சம் வேகட்டும் என்று.

"பத்மா, நீ போக வேண்டாம்" என்றார் சேஷாத்ரி. "இங்கயே இரு. ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாம். நோட்ட நான் மூடிடறேன். மத்தவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"கேட்டியாடி?" என்றாள் விசாலம் மேலேயிருந்து. "செயலாளரே சொல்லிட்டார். பைய மேல கொண்டு வா."

பத்மஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே அந்த மாடியறையில் என்ன சமைப்பாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இங்கே இப்போது விட்டுவிடுகிறேன் என்கிறவர், நாளைக்கு வேறு எவளையாவது கட்டடத்து நோட்டோடு பார்க்கப் போவார். இதையெல்லாம் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கு மனமில்லை.

"நாளைக்கு நாள் நன்னா இல்லைன்னு நீங்கதானே சொன்னேள் பெரியம்மா" என்றாள்.

விசாலத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்தியது. பத்மஜா பையைக் கீழே வைத்துவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள்.

"அப்படியே நில்லுங்கோ. அசையாதேங்கோ."

"அழறதையாடி வரைவே?"

"கண்ணெதிர்ல அதுதானே இருக்கு."

"எதையாவது கிறுக்கித் தொலை. மூக்குத்திய மட்டும் விட்டுடாதே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"வரேன்."

சேஷாத்ரி பையைக் கீழே வைக்கத் தோன்றாமல், தூக்கியபடியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் துர்கையை ஆற்றில் கரைப்பதற்காக லாரியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்; பறைச் சத்தம் காதைத் துளைத்தது. பத்மஜா மூக்குத்தியைப் போட்டு முடித்தாள். நோட்டை மூடி, தன் பையை எடுத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி ரயில் கேட்டுப் பக்கம் நடந்தாள்.